இருநூற்று நாற்பது மணி நேரம்

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர்களுக்கு அந்தப் படிவம் ஞாபகம் இருக்கும். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., என்.எஸ்.ஓ., ஒய்.ஆர்.சி. என்று நாலு கட்டம் போட்டு, ஏதாவது ஒன்றை டிக் அடிக்கச் சொல்வார்கள். என்.சி.சி. என்றால் விடிகாலை எழுந்து பூட்ஸ் மாட்டணும். என்.எஸ்.ஓ.வுக்கு ஏதாவது ஒரு விளையாட்டு உருப்படியாகத் தெரிஞ்சிருக்கணும். ஒய்.ஆர்.சி. என்ன செய்யும் என்று சீனியர்களுக்கே சரியாகத் தெரியாது. மிச்சம் இருப்பது என்.எஸ்.எஸ். அப்படி மிச்சமாகத்தான் என் வகுப்பில் பாதிப் பேர் நாட்டு நலப்பணித் திட்டத்தின் தொண்டர்கள் ஆனோம். ஒன்றிலும் சேராமல் இருக்க முடியாது. பல்கலைக்கழக விதி அப்படி.

இதில் ஒரு சின்ன வரலாற்று வேடிக்கை இருக்கிறது. கல்லூரி மாணவர் சமூகப் பணி செய்வது கட்டாயமா, விருப்பமா என்று சுதந்திர இந்தியா ஏறத்தாழ இருபது வருடம் வாதாடியது. குழுக்கள் போட்டது, அறிக்கைகள் எழுதியது, பிற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தது. கடைசியில் 'விருப்பம்தான்' என்று முடிவெடுத்து ஆரம்பித்த திட்டம் இது. அது ஒரு டிக் அடிக்கும் கட்டமாக எப்படி ஆனது என்பதைவிட, அந்த இருபது வருடமும் அவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு சுவாரசியமாக இருக்கிறது.

காந்தியிலிருந்து தொடங்குவது வழக்கம். இந்த விஷயத்தில் அது நியாயமும்கூட. 1941இல் அவர் எழுதிய நிர்மாணத் திட்டம் என்ற சிறு நூலில் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. கட்சி அரசியல் வேண்டாம், நூல் நூற்க வேண்டும் என்பதெல்லாம் எதிர்பார்த்ததுதான். நடுவில் ஒரு விஷயம் வருகிறது: பக்கத்துக் கிராமங்களில் தேவைப்படும் துப்புரவு வேலையை மாணவர்கள் செய்ய வேண்டும், அங்குள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பாடம் சொல்லித்தர வேண்டும். முதலில் துப்புரவு, பிறகுதான் பாடம். துப்புரவு என்றால் இன்றைய முகாம்களில் புகைப்படத்துக்குப் பிடிக்கிற விளக்குமாறு இல்லை. 1941இன் கிராமத்தில் அது யார் தலையில் சுமத்தப்பட்ட வேலை என்பது படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த வேலையைப் படித்த பையன் செய்யணும் என்றார். காந்தியோடு சாதி விஷயத்தில் எனக்குச் சண்டைகள் உண்டு. ஆனாலும் சமூக சேவை என்பதைச் சாதிப் படிநிலைமேல் நேராகக் கை வைக்கிற காரியமாக அவர் வைத்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பின்னால் வந்த அரசு ஆவணங்களில் இந்தக் கூர்மை மழுங்கிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, தேசிய சேவையைத் தன்னார்வ அடிப்படையில் கொண்டுவரலாம் என்றது. 1950 ஜனவரியில் மத்தியக் கல்வி ஆலோசனை வாரியமும் அதையே பேசியது. முதல் ஐந்தாண்டுத் திட்டம், மாணவர்கள் ஒரு வருடம் உழைப்பும் சமூக சேவையும் செய்தால் நல்லது என்றது. ஆங்காங்கே முகாம்கள் நடந்தன. 1958இல் நேரு முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்: பட்டம் வாங்குவதற்கு முன் சமூக சேவையை ஒரு நிபந்தனையாக்கினால் என்ன?

இந்த இடத்தில்தான் கதையில் சி. டி. தேஷ்முக் வருகிறார். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர், முன்னாள் நிதியமைச்சர், அப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். 1959 ஆகஸ்டில் அவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அது தயங்கவே இல்லை. உயர்நிலைப் படிப்பு முடித்துப் பல்கலைக்கழகம் போக நினைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை கட்டாய தேசிய சேவை என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. செலவு தாங்காது, நடைமுறைப்படுத்துவது கஷ்டம் என்பவை காரணங்கள். யோசித்துப் பாருங்கள், அத்தனை பேருக்கும் ஒன்பது மாதம் சோறு, தங்குமிடம், மேற்பார்வை. நாடே கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்திருந்த காலம் அது. கட்டாயம் தப்பு என்று யாரும் சொல்லி அந்த யோசனை விழவில்லை, கணக்கு இடித்ததால் விழுந்தது. இந்த வித்தியாசம் முக்கியம். கொள்கை அளவில் தோற்காத யோசனை வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

1960இல் கல்வியாளர் கே. ஜி. சையதைனிடம் பல நாடுகளில் மாணவர் சேவை எப்படி நடக்கிறது என்று ஆராயும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் அறிக்கைக்கு 'இளைஞர்களுக்கான தேசிய சேவை' என்று பொருள்படும் தலைப்பு. விருப்ப அடிப்படையிலேயே போகலாம் என்பது அதன் திசை. அதில் இன்னொரு பரிந்துரையும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதற்குள் 1962 சீனப் போர் வந்துவிட்டது. அடுத்த வருடமே என்.சி.சி. கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமானது. கிராமத்துக்கு அனுப்பப் பணம் இல்லை என்ற நாடு, துப்பாக்கி பிடிக்கச் சொல்லித்தரப் பணம் கண்டுபிடித்தது. எல்லையில் தோற்ற நாடு வேறு என்ன செய்யும் என்றும் கேட்கலாம், அதுவும் சரியான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டாயம் ஐந்தே வருடத்தில் சலித்துப்போனது. 1968இல் என்.சி.சி. மறுபடி விருப்பப் பாடமானது.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்குத் தனியாக ஒரு கிளை உண்டு. 1965இல் தெருவுக்கு வந்த கல்லூரி மாணவர்கள் 1967இல் ஆட்சியையே மாற்றியிருந்தார்கள். 1968 ஜனவரியில் அண்ணா அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்த மொழித் தீர்மானத்தை மும்மொழித் திட்டத்தை நீக்கிய தீர்மானமாகத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அதில் ஒரு பகுதி. அணிவகுப்பில் 'சாவ்தான்' என்று கத்துவது இங்கே ஓர் அரசியல் பிரச்சினையாக இருந்த அதே மாதங்களில்தான், டெல்லியில் என்.சி.சி.க்கு மாற்றாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. மாணவர்களை எப்படிக் கையாள்வது என்று தெரியாத ஒரு தசாப்தத்தின் இரண்டு காட்சிகள், அவ்வளவுதான். வங்கத்தில் நக்சல்பாரி வெடித்ததும், பிரசிடென்சி கல்லூரிப் பையன்கள் கிராமத்துக்குப் போனதும் இதே காலத்தில்தான். அவர்கள் யாருடைய திட்டத்திலும் பெயர் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

1967 ஏப்ரலில் மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு சமரசம் கண்டது. பல்கலைக்கழக மாணவர்கள் என்.சி.சி.யில் சேரலாம், வேண்டாம் என்றால் தேசிய சேவைத் திட்டம் என்று ஒன்று, நன்றாக விளையாடுகிறவர்களுக்குத் தேசிய விளையாட்டு அமைப்பு. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., என்.எஸ்.ஓ. நாங்கள் டிக் அடித்த படிவத்தின் முதல் மூன்று கட்டங்களும் அந்த மாநாட்டில் போட்டவை என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தபோது சிரிப்பு வந்தது. பழைய புரோகிராமில் யாரோ எழுதிவிட்டுப் போன ஒரு வரி, ஏன் என்று தெரியாமலே நாற்பது வருடம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிற மாதிரி.

திட்டத்தை 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கிவைத்தவர் மத்தியக் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ். காஞ்சிபுரத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்து, இந்தியாவின் தேசிய வருமானம் எவ்வளவு என்று முறையாகக் கணக்கிட்ட முன்னோடிகளில் ஒருவர். டெல்லி பொருளியல் பள்ளியை நிறுவியவர். காந்தி நூற்றாண்டை ஒட்டி 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். நான்காவது ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கியது 5 கோடி ரூபாய். இன்று தொண்டர் எண்ணிக்கை சுமார் 40 லட்சம். சின்னமாகக் கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரத்தை எடுத்துக்கொண்டார்கள். எட்டு ஆரங்கள், நாளின் எட்டு ஜாமங்கள். முழக்கம் 'நான் அல்ல, நீ'.

முழக்கத்தை விட்டுவிட்டுக் குறிக்கோள்களுக்கு வருவோம். என் தொழிலில், ஒரு மென்பொருள் என்ன செய்யணும் என்று எழுதிய ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்டை வரிவரியாகப் படிப்பது பாதி வேலை. அந்தப் பழக்கத்தில் இந்தத் திட்டத்தின் குறிக்கோள்களைப் படித்தேன். தாங்கள் பணிபுரியும் சமூகத்தைப் புரிந்துகொள்ளுதல். அந்தச் சமூகத்தோடு தங்களுக்குள்ள உறவில் தங்களையே புரிந்துகொள்ளுதல். சமூகத்தின் தேவைகளைக் கண்டறிந்து தீர்வில் மக்களையும் ஈடுபடுத்துதல். பொறுப்புணர்வு, கூட்டு வாழ்க்கைக்கான திறன், தலைமைப் பண்பு, ஜனநாயக மனப்பான்மை, பேரிடரைச் சந்திக்கும் ஆற்றல் என்று பத்து இருக்கின்றன. பத்திலும் எழுவாய் மாணவர்தான். இத்தனை கிலோமீட்டர் ரோடு போடணும், இத்தனை கழிப்பறை கட்டணும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அதிகாரபூர்வமாகவே இதை 'சமூக சேவை மூலம் ஆளுமை வளர்ச்சி' என்றுதான் சொல்கிறார்கள். சேவை வழி, ஆளுமை இலக்கு.

இதைப் படித்ததும் முதலில் எரிச்சல்தான் வரும். அப்போ கிராமம் என்ன, பரிசோதனைக் கூடமா? பையன் ஆளுமையை வளர்த்துக்கொள்ள இன்னொருத்தர் வறுமை பாடப்புத்தகமா? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால், இது அந்த ஆவணத்தின் நேர்மை என்று பட்டது. பதினெட்டு வயதுப் பையன் ஏழு நாளில் ஒரு ஊரை மாற்றிவிடுவான் என்று யாரும் பொய் சொல்லவில்லை. அவன் போடுகிற மண் ரோட்டை ஊர்க்காரர் நாலு பேர் அதில் பாதி நேரத்தில், இன்னும் ஒழுங்காகப் போடுவார்கள். அவன் அங்கே போவது பார்க்கத்தான். பார்த்தது அவனுக்குள் இருந்து, பின்னால் அவன் அதிகாரியாகவோ பொறியாளராகவோ ஒரு கையெழுத்துப் போடும்போது வேலை செய்ய வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1884இல் லண்டனின் கிழக்குப் பகுதியான வைட்சாப்பலில் டாயன்பி ஹால் என்று ஒன்றை சாமுவேல் பார்னெட்டும் ஹென்ரியட்டா பார்னெட்டும் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் படித்தவர்கள் அந்த ஏழைப் பகுதியில் வந்து தங்க வேண்டும். ஒரு வாரம் இல்லை, மாதக்கணக்கில், வருடக்கணக்கில். வில்லியம் பெவரிட்ஜ் 1903இலிருந்து சில வருடம் அங்கே இருந்தார். கிளமென்ட் அட்லி கொஞ்ச காலம் செயலாளராக இருந்தார். 1942இல் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புக்கான அறிக்கையை எழுதியவர் பெவரிட்ஜ். 1945இல் பிரதமராகி அதைச் செயல்படுத்தியவர் அட்லி. டாயன்பி ஹாலில் அவர்கள் நடத்திய மாலை வகுப்புகளால் வைட்சாப்பலுக்கு என்ன கிடைத்தது என்பது பெரிய விஷயமில்லை. அந்தத் தெருக்கள் அவர்களுக்குக் கற்பித்ததுதான் நாற்பது வருடம் கழித்துச் சட்டமானது. எல்லா முகாமிலும் ஒரு அட்லி இருப்பார் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஏற்பாட்டின் தர்க்கம் இதுதான்.

நம்மூரிலும் இன்னொரு மாதிரி இருந்தது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல் பக்கம் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956இல் வந்த கிராமியக் கல்வி நிறுவனம் சுற்றியுள்ள கிராமங்களில் வேலை செய்வதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே வைத்தது. அங்கே அது மாலை நேரக் கிளப் இல்லை. இதே சௌந்தரம்தான் 1962இல் மத்தியக் கல்வித் துணை அமைச்சராக டெல்லி போனார். சமூக சேவையைக் கல்வியின் எல்லாப் படிகளிலும் சேர்க்கச் சொன்ன கோத்தாரி குழு வேலை செய்தது அவர் பதவிக் காலத்தில்தான். ஆனால் நாட்டுக்குக் கிடைத்தது பாடத்தோடு ஒட்டாத ஒன்று. வகுப்பு தனி, சேவை தனி.

ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சாட்சியம்தான் உண்டு. எங்கள் சிறப்பு முகாம், வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஏழு நாள், ஐம்பது பேர். பள்ளிக்கூடத்தில் தங்கல், அண்டாவில் சாம்பார், காலையில் சீமைக்கருவேலம் வெட்டுவது, மதியம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்புக்குக் கிளம்பும்போது ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "காலனி பக்கம் வேணாம் சார், அதை வேற ஆளுங்க எழுதிக்குவாங்க" என்றார். எங்களோடு வந்த திட்ட அலுவலர் மெக்கானிக்கல் துறை ஆசிரியர், அதிகம் பேசமாட்டார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, நேராகக் காலனிக்குள் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

அங்கே எல்லா வீட்டிலும் தண்ணீர்ப் பிரச்சினை சொன்னார்கள். அந்த செமஸ்டரில்தான் திரவ இயக்கவியல் படித்திருந்தோம். குழாய் நீளம், கடைமடையில் அழுத்தம் குறைவது என்று நண்பன் ஒருவன் ஒரு அம்மாவிடம் விளக்கவே ஆரம்பித்துவிட்டான். அவர் பொறுமையாகக் கேட்டார். "பைப்பு நல்லாத்தான் தம்பி இருக்கு. வால்வு ஊருக்குள்ள இருக்கு. தொறக்குற ஆளு மனசு வெக்கணும்" என்றார். பிறகு, "போன வருசமும் ஒரு காலேஜு வந்துச்சு. இதே பேப்பருதான். நாங்க சொன்னதை எழுதுறதுக்கு அதுல எடம் இருக்கா பாரு" என்றார்.

இடம் இல்லை. குடிநீர் ஆதாரம் என்ற கேள்விக்குக் கிணறு, கைப்பம்பு, குழாய் என்று மூன்று கட்டங்கள். குழாயில் டிக் அடித்தோம்.

திட்டத்தின் முதல் குறிக்கோளான 'சமூகத்தைப் புரிந்துகொள்ளுதல்' அந்த அம்மா வாசலில் எங்களுக்கு ரெண்டு நிமிஷத்தில் நடந்துவிட்டது. ஆனால் அதைப் பதிவு செய்ய, அடுத்த வாரம் வகுப்பில் வைத்துப் பேச, வால்வு யார் கையில் இருக்க வேண்டும் என்பதும் பொறியியல் கேள்விதான் என்று ஒருவர் சொல்லித்தர எந்த ஏற்பாடும் கிடையாது. முகாம் அறிக்கையில் மரக்கன்று எண்ணிக்கை இருந்தது, வெட்டிய கருவேலத்தின் பரப்பு இருந்தது.

ஏன் இப்படி என்றால், அளக்க முடிந்ததை மட்டும் அளக்கிறோம் என்பதால். வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, கூடவே ஒரு முகாம்; இதுதான் சான்றிதழுக்கான கணக்கு. தேசிய வருமானத்தையே கணக்கிட்ட ஒருவர் தொடங்கிவைத்த திட்டம் மணிக்கணக்கில் ஓடுவதில் ஒரு பொருத்தம்கூட இருக்கிறது. 240 மணி நேரத்தை அவமதிக்கவும் எனக்கு மனமில்லை. அந்த எண் இல்லாவிட்டால் கல்லூரிகள் ஒரு நாள்கூட ஒதுக்கியிருக்காது. சிக்கல் என்னவென்றால், மணி நேரம் நுழைவுச்சீட்டாக இருக்க வேண்டியது. அதுவே நாடகம் ஆகிவிட்டது. கல்லூரி வளாகத்தில் புல் பிடுங்கினாலும் நாலு மணி, பேச்சாளர் வரும் விழாவில் நாற்காலி போட்டாலும் நாலு மணி, காலனியில் அந்த அம்மாவிடம் பேசினாலும் நாலு மணி. தேஷ்முக்கின் கட்டாயமும் இப்படித்தான் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது, செலவு இல்லாத வடிவத்தில்.

வேலைக்கு வந்த பிறகும் இது விடவில்லை. 2013 கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. அதையொட்டி ஐ.டி. அலுவலகங்களில் ஊழியர் தன்னார்வ மணி நேரம் என்று ஒரு பக்கம் முளைத்தது. சனிக்கிழமை அரசுப் பள்ளிச் சுவருக்குப் பெயின்ட், ஒரே நிறத்தில் டி-ஷர்ட், திங்கட்கிழமை போர்ட்டலில் மணி நேரம் ஏற்றம். என்.எஸ்.எஸ்.ஸில் கற்றுக்கொண்டதை ஒருத்தரும் மறக்கவில்லை என்று தெரிகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மட்டும் வேறொன்று நடந்தது. யாரும் மணி எண்ணவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் போனவர்களில் என் வயதுக்காரர்கள் நிறைய. பேரிடரைச் சந்திக்கும் ஆற்றல் என்ற அந்தக் குறிக்கோள் நிஜமாகவே எங்கோ உள்ளே இறங்கியிருந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். வெள்ளம் வடிந்தபின் குப்பை அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வண்டி வண்டியாகக் கூட்டிவந்தார்கள். அந்த வேலைக்கு டி-ஷர்ட்டுகள் அவ்வளவாக வரவில்லை. காந்தி 1941இல் முதலில் வைத்த வேலை அதுதான்.

சையதைன் அறிக்கையின் அந்த இன்னொரு பரிந்துரை: சேவை முகாம்களில் மாணவர்கள் மட்டுமல்ல, அதே வயதில் கல்லூரிக்குப் போகாத இளைஞர்களும் இருக்க வேண்டும், இரு தரப்பும் பழக வேண்டும் என்பது. 1960ஐ ஒட்டி இப்படி ஒருத்தர் யோசித்திருக்கிறார். சேவை செய்கிறவன், பெறுகிறவன் என்ற கோட்டையே இது அழித்துவிடும். கல்லூரிப் பையனும் ஊர்ப் பையனும் ஒரே வருகைப்பதிவேட்டில், ஒரே பந்தியில்.

நான் பார்த்த முகாம்களில் அந்தப் பதிவேட்டில் வெளியாள் பெயர் இருந்ததில்லை. எங்கள் முகாமில் காலனியிலிருந்து எங்கள் வயதுப் பையன் ஒருத்தன் மூன்றாம் நாளிலிருந்து வந்து மண்வெட்டி பிடித்தான். எங்கள் ஐந்து பேர் வேலையை அவன் ஒருத்தனே செய்வான். திட்ட அலுவலர் அவனை எங்களோடு உட்கார்த்திச் சாப்பிட வைத்தார். சமைக்க வந்த ஊர்க்காரருக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவும் இல்லை. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தபோது அவன் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பல்கலைக்கழகத்திலிருந்து எண்ணி அனுப்பியவை மொத்தம் ஐம்பது.